மூன்று பட்டறை, மூன்று எண்ணெய்



ஓய்வு பெற்ற பிறகும் கேள்வி கேட்க மாணவர்கள் இருப்பது ஒரு வாத்தியாருக்குக் கொடுப்பினை. போன மாதம் ஒரு பழைய மாணவர் கேட்டது இது: "சார், அப்பாவோட புல்லட்டை மறுபடி ஓட்டலாம்னு இருக்கேன். எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் பக்கம், மூணு இடத்துலயும் விலை கூடுன சிந்தெடிக் ஆயிலையே ஊத்திரட்டுமா? கார்ல ஊத்துறது ரொம்ப நல்லதுன்னு கடையில சொல்றாங்க." அப்பா தவறிவிட்டார். வண்டிதான் மிச்சம். அதற்கு நல்லதைச் செய்ய வேண்டும் என்ற ஆசையில்தான் பிள்ளை கேட்கிறார்.

நான் மெக்கானிக் இல்லை, வரலாறு சொல்லிக்கொடுத்தவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு விடை பாதிக்கு மேல் வரலாற்றில்தான் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். டீயை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எண்ணெயின் கதை. நம்மூர்க் கரிசல் காட்டில் வரப்போரம் ஆமணக்கு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த முத்தை ஆட்டி எடுத்த விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்தால் வண்டி மை. மாட்டு வண்டி அச்சுக்கு அதுதான் மசகு. இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் நடுவே ஒரு மெல்லிய படலம் நிற்க வேண்டும், சூட்டில் அது ஓடிவிடக் கூடாது. இந்த ஒரு வேலைக்காகத்தான் வண்டி மையும், இன்றைக்கு டப்பாவில் வரும் ஆயிலும்.

விமானம் பறக்கத் தொடங்கிய காலத்திலும் இதே விளக்கெண்ணெய்தான் கைகொடுத்தது. முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களில் எஞ்சின் முழுவதுமே விசிறியோடு சேர்ந்து சுழலும். பெட்ரோல் ஆவி எஞ்சினின் அடிவயிறு வழியாகத்தான் போகும். சாதாரண எண்ணெயை அந்தப் பெட்ரோல் கரைத்துவிடும். விளக்கெண்ணெய் அவ்வளவு எளிதில் கரையாது, இரும்பில் பிடித்துக்கொண்டு நிற்கும். 1899இல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்ட் தொடங்கிய கம்பெனி, 1909இல் ஆமணக்கு எண்ணெய் சேர்த்த ஒரு மசகெண்ணெயைக் கொண்டுவந்தது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் காஸ்டர். அந்தப் பெயரில் இருந்து பிறந்ததுதான் காஸ்ட்ரால். இன்று பெட்ரோல் பங்கில் பார்க்கும் பெயருக்குள் நம் வரப்போரச் செடி ஒளிந்திருக்கிறது.

விளக்கெண்ணெய்க்கு ஒரு குறை உண்டு. வெகுநாள் சூடுபட்டால் கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி எஞ்சினைப் பிரித்துத் துடைக்கும் பந்தயக்காரர்களுக்கு அது சரி, தினமும் வேலைக்குப் போகிறவனுக்குச் சரிப்படாது. அதனால் சாலை வண்டிகள் நிலத்தடிக் கச்சா எண்ணெயில் இருந்து பிரித்த கனிம எண்ணெய்க்கு மாறின.

இனி புல்லட்டுக்கு வருவோம். அதில் ஏன் மூன்று இடத்தில் எண்ணெய் ஊற்ற வேண்டும்? ஹீரோ ஹோண்டாவில் ஒரே இடத்தில் ஊற்றினால் போதுமே?

இதற்குக் காரணம் இங்கிலாந்தின் தொழில் வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே பல மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் எஞ்சினை மட்டும் தாங்களே செய்தன. கியர்பாக்ஸை அதற்கென்றே இருந்த தனிக் கம்பெனிகளிடம் வாங்கினார்கள். ஆல்பியன், பர்மன், ஸ்டர்மி ஆர்ச்சர் என்பவை அப்படிப்பட்ட பெயர்கள். ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட், பர்மிங்ஹாம் ஆல்பியனின் கியர்பாக்ஸை வாங்கி எஞ்சினின் முதுகில் போல்ட் போட்டு இறுக்கியது. எஞ்சின் சுற்றுவதைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோக இடப்பக்கம் ஒரு செயின். அதைத்தான் பிரைமரி செயின் என்கிறோம். அந்தச் செயினும் கிளட்சும் ஒரு மூடிக்குள் எண்ணெயில் நனைந்துகொண்டு ஓடும்.

ஆக, ஒரு பட்டறையில் செய்த எஞ்சின், இன்னொரு பட்டறையில் செய்த கியர்பாக்ஸ், இரண்டையும் இணைக்கும் செயின் பெட்டி. மூன்று அறை, மூன்று எண்ணெய். மூத்த மெக்கானிக்குகளைக் கேளுங்கள், நியூட்ரலுக்குக் கொண்டுவர என்று தனியாக ஒரு குட்டி மிதி இருந்ததைச் சொல்வார்கள். அது ஆல்பியன் கியர்பாக்ஸின் அடையாளம்.

இந்த அமைப்பு அப்படியே சென்னைக்குக் கப்பலேறியது. 1950களின் முதல் பாதியில் இந்திய அரசு எல்லைப் பகுதி ரோந்துக்காக 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. ஆரம்பத்தில் உதிரிப் பாகங்கள் அங்கிருந்து வந்தன. பிறகு வார்ப்படக் கருவிகளே வந்துவிட்டன. திருவொற்றியூரில் முழு வண்டியும் செய்யத் தொடங்கினோம். 1970ஆம் ஆண்டோடு இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்ட் உற்பத்தி நின்றுபோனது. பெற்ற ஊர் கைவிட்ட பிள்ளையை வளர்ப்பு ஊர் தொடர்ந்து வளர்த்தது. அதனால்தான் 1950களின் மூன்று அறை அமைப்பு, நம் ஊர்ச் சாலைகளில் 2000த்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது.

திருவொற்றியூருக்கு அடுத்துதான் மணலி. அங்கே 1965இல் உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பொருள்களில் மசகெண்ணெய்க்கான மூல எண்ணெயும் ஒன்று. 1972இல் இந்தியன் ஆயிலின் சர்வோ வந்தது. வண்டியும் அதற்கான எண்ணெயும் அடுத்தடுத்த ஊர்களில் தயாரான காலம் அது.

அந்த மூன்று அறைக்கும் வேலை வேறுவேறு என்பதைக் கவனியுங்கள்.

எஞ்சின் அறையில் சூடு அதிகம். எரிந்த கரியும் புகையும் எண்ணெயில் கலக்கும். அந்த அழுக்கைச் சுமக்கவும், படலமாய் நின்று தாங்கவும் வேண்டும். பழைய 350 புல்லட்டில் கனெக்டிங் ராடின் அடியில் உருளைகள் கிடையாது, மிதக்கும் புஷ்தான். எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் அது மிதக்கிறது. படலம் மெலிந்தால் இரும்பு இரும்பைத் தின்னும்.

கியர்பாக்ஸில் கரியும் இல்லை, அவ்வளவு சூடும் இல்லை. பல்லும் பல்லும் நசுக்கும் அழுத்தம்தான் அங்கே பிரச்சினை. அதற்குத்தான் 90 நம்பர் கியர் ஆயில். பழைய ஆல்பியன் பெட்டி எண்ணெய் கசியும் என்பதால் மெக்கானிக்குகள் அதில் கொஞ்சம் கிரீஸையும் கலந்து அடைப்பார்கள். இங்கே ஒரு கணக்குப் பாடம்: 90 என்றதும் எஞ்சின் ஆயில் 50ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்காதீர்கள். கியர் ஆயிலுக்கு அளவுகோல் வேறு. 90 கியர் ஆயிலும் 50 எஞ்சின் ஆயிலும் கெட்டியில் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி.

மூன்றாவது, பிரைமரி. இதுதான் விசித்திரமான அறை. செயினுக்கு வழுக்க வேண்டும், கிளட்ச் தட்டுகளுக்கு வழுக்கவே கூடாது. ஒரே எண்ணெய் இரண்டையும் செய்தாக வேண்டும்.

1980களில் ஜப்பானியக் கூட்டு வண்டிகள் வந்தன. 1984இல் ஹீரோ ஹோண்டா தொடங்கி, அடுத்த ஆண்டே சிடி 100 வந்தது. எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே கூட்டுக்குள், ஒரே எண்ணெயில். அதிலும் ஒரு லிட்டர் அளவுதான். கூட்டுக் குடும்பத்தில் ஒரே உலையில் எல்லாருக்கும் சமைப்பது மாதிரி. சிக்கனம்தான், ஆனால் அந்த ஒரு எண்ணெய் மூன்று வேலையையும் தலையில் சுமக்கிறது. எஞ்சினின் சூட்டையும் தாங்கி, கியர் பற்களின் நசுக்கலையும் வாங்கி, கிளட்சையும் வழுக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2008க்குப் பிறகு புல்லட்டும் இதே வழிக்கு வந்தது. யூசிஇ என்கிற புது எஞ்சினில் மூன்று அறையும் ஒன்றானது.

அப்படியானால் சிந்தெடிக் என்பது என்ன? கச்சா எண்ணெயை வடித்து எடுத்தால் பெரிதும் சிறிதுமாய்ப் பலவகை மூலக்கூறுகள் கலந்து வரும். சந்தையில் கிடைத்த கற்களை வைத்துச் சுவர் எழுப்புவது மாதிரி. சிந்தெடிக் என்பது ஒரே அளவில் செங்கல் அறுத்துக் கட்டுவது. ஆய்வுக்கூடத்தில் மூலக்கூறுகளை வேண்டிய அளவில் இணைத்துச் செய்கிறார்கள். இதில் ஜெர்மானியர்கள் 1930களிலும் இரண்டாம் உலகப் போரிலும் தீவிரமாக இறங்கினார்கள். கச்சா எண்ணெய்த் தட்டுப்பாடு ஒரு காரணம், ரஷ்யக் குளிரில் எண்ணெய் உறைந்து எஞ்சின் கிளம்ப மறுத்தது இன்னொரு காரணம். போருக்குப் பின் ஜெட் விமானங்கள், 1970களில் கார்கள் என்று அது இறங்கி வந்தது.

குளிருக்காகப் பிறந்த எண்ணெயை நாம் வெயிலுக்காக வாங்குகிறோம். அதிலும் நியாயம் இருக்கிறது. சூட்டில் சீக்கிரம் கெடாது, ஆவியாகிப் போவது குறைவு, கசடு குறைவு. ஆனால் டப்பாவின் மேல் 'சிந்தெடிக்' என்று இருந்தாலே எல்லாம் ஒன்றல்ல. கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்ததையும் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகளுக்குள் ஒரு வழக்காடல் நடந்தது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு 1999இல் விற்கலாம் என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சொல் ஒரு விற்பனைச் சொல்லும்கூட.

அதைவிட முக்கியமானது ஜப்பானில் நடந்தது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கக் கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சரக்குகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். காரில் கிளட்ச் எண்ணெய் படாமல் தனியே இருக்கிறது, அதனால் கெடுதல் இல்லை. மோட்டார் சைக்கிளில் கிளட்ச் அதே எண்ணெயில் நனைகிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் எஞ்சின் கத்தும், வண்டி போகாது. இதைத் தடுக்க 1998இல் மோட்டார் சைக்கிளுக்கென்றே ஜாசோ என்ற தரக்குறி வந்தது. அதில் எம்ஏ என்றால் கிளட்ச் நனையும் வண்டிக்கு ஏற்றது. எம்பி என்றால் உராய்வு குறைந்தது, ஸ்கூட்டர் வகைகளுக்கு.

இப்போது மாணவருக்கு நான் சொன்ன விடை உங்களுக்கும் விளங்கும்.

பழைய புல்லட்டின் எஞ்சினுக்கு 20 டபிள்யூ 50 கனிம எண்ணெய் போதும். டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ளது சூட்டில் எவ்வளவு கெட்டியாய் நிற்கும் என்பதற்கு. சங்கரன்கோவில் வெயிலில் நமக்குப் பின்னால் உள்ள எண்தான் முக்கியம். சிந்தெடிக் ஊற்றுவது பாவமில்லை, அதே 20 டபிள்யூ 50 தடிமனில் இருந்தால். ஆனால் வருடக்கணக்கில் நின்ற வண்டிக்கு முதல் தேவை விலை கூடிய எண்ணெய் அல்ல. பழசை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி வடிப்பதுதான். அந்தக் காசில் இரண்டு முறை கனிம எண்ணெய் மாற்றிவிடலாம்.

கியர்பாக்ஸுக்குக் கியர் ஆயில். அதிலும் ஜிஎல்-4 என்று பார்த்து வாங்கச் சொன்னேன். ஜிஎல்-5இல் அழுத்தம் தாங்கச் சேர்க்கும் கந்தகச் சரக்கு கூடுதல். சில வகைகளில் அது உள்ளே இருக்கும் வெண்கலப் புஷ்களை அரிக்கும்.

பிரைமரிக்கு மட்டும் கார் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது எவ்வளவு விலையானாலும். ஜாசோ எம்ஏ என்று அச்சிட்ட மோட்டார் சைக்கிள் எண்ணெய்தான்.

புது வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. ஒரே எண்ணெய் மூன்று வேலை பார்க்கிற வண்டியில், அதுவும் சென்னை நெரிசலில் நின்று நின்று போகிறவர்களுக்கு, சிந்தெடிக் கொடுத்த காசுக்கு உழைக்கும். யூசிஇ புல்லட் என்றால் 15 டபிள்யூ 50, ஸ்ப்ளெண்டர் என்றால் 10 டபிள்யூ 30. வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணை மாற்றாதீர்கள், ஜாசோ எம்ஏவை விடாதீர்கள்.

எது உயர்ந்த எண்ணெய் என்று கடையில் கேட்காதீர்கள் மக்களே. இந்த அறையில் என்ன வேலை நடக்கிறது, அதற்கு எது தோது என்று கேளுங்கள். கேள்வி சரியாக இருந்தால் பாதி செலவு அங்கேயே மிச்சம்.

ஊருக்கு வருகிறவர்கள் ஹெல்மெட் போட்டு, நிதானமாக வாருங்கள். தேவர்குளம் தாண்டியதும் ஒரு போன் போடுங்கள், டீ போட்டு வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்