எடுப்பும் எத்துகடையும்: பெங்களூரில் பயிலப்படும் இசைக் கலைச்சொற்களின் பன்மொழி வரலாறு

ஒரு கலையின் சொற்கள் அக்கலையை வளர்த்தோரின் மொழியிலிருந்தே பிறக்கின்றன. கருநாடக இசையை வளர்த்தோர் ஒரு மொழியினர் அல்லர். ஆதலின் அதன் கலைச்சொற்றொகுதியும் ஒரு மொழிக்கு உரியதாக அமையவில்லை. இசையிலக்கணக் கருத்துகள் பெரும்பாலும் வடமொழியிலும், தொடக்கப் பாடங்கள் பல கன்னடத்திலும் தெலுங்கிலும், விரல் நுட்பமும் தாள நுட்பமும் பெரிதும் தமிழிலும் பெயர் பெற்றுள்ளன. இவ்வடுக்குகள் அனைத்தும் ஒருங்கே பயிலப்படும் நகரம் பெங்களூரு. கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்டோர் அங்கு ஒரே ஆசிரியரிடம் ஒரே சொற்களைக் கற்கின்றனர். ஆயின் அதே சொல் ஒருவருக்குப் பொருள் விளங்கும் சொல்லாகவும் மற்றொருவருக்கு வெறும் பெயராகவும் நிற்கின்றது. இவ்வேறுபாடு தோன்றிய வரலாற்றையும், மொழிபெயர்ப்பாளருக்கு அது எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

தொடக்கப் பாடங்களின் சொற்கள்

சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்னும் பாட ஒழுங்கினைப் புரந்தரதாசர் (மறைவு 1564) வகுத்தார் என்பது இசை மரபு. இவற்றுள் சரளி என்பதை 'ஸ்வராவளி' என்பதன் திரிபாகக் கொள்வர். ஜண்டை என்பது இணை என்னும் பொருளுடைய சொல். தெலுங்கில் 'ஜண்ட' எனவும் கன்னடத்தில் 'ஜண்டி' எனவும் வழங்கும். ஒவ்வொரு சுரமும் இரட்டித்து வருவதால் இப்பெயர் அமைந்தது. தாட்டு என்பது 'தாடு' என்னும் கன்னட, தெலுங்கு வினையடியிலிருந்து வந்தது. தமிழில் 'தாண்டு' என்பதன் இனச்சொல். இடைச்சுரத்தைத் தாண்டிச் செல்லும் வரிசை என்பதே பொருள்.

கன்னடக் குழந்தைக்குத் 'தாடு' என்ற அளவிலேயே பயிற்சியின் தன்மை விளங்கிவிடுகின்றது. தமிழ் மட்டும் அறிந்த குழந்தைக்குத் 'தாட்டு' என்பது விளக்கம் வேண்டும் சொல். இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. மலஹரி இராகத்தில் அமைந்த தொடக்கக் கீதங்கள் 'பிள்ளாரி கீதங்கள்' எனப்படும். பிள்ளாரி என்பது தமிழ்ப் 'பிள்ளையார்' கன்னடத்தில் பெற்ற வடிவம். கன்னடத் தாசர் பெயரால் வழங்கும் பாடத்திலேயே தமிழ்ச் சொல் ஒன்று உருமாறி இடம்பெற்றிருத்தல் கருதத்தக்கது.

சொற்கள் இடம்பெயர்ந்த வழிகள்

இக்கலப்பிற்கு அரசவைகளே முதற்காரணம் எனலாம். நாயக்கர் காலத் தஞ்சையில் தெலுங்கு அவைமொழியாகச் சிறந்திருந்தது. அவ்வரசின் அமைச்சராக விளங்கிய கோவிந்த தீட்சிதர் கன்னட மரபினர். அவர் மகன் வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய 'சதுர்தண்டி பிரகாசிகை' 72 மேளங்களின் அமைப்பை வகுத்தது. கன்னட மரபினர் ஒருவர் தமிழ் நிலத்தில், தெலுங்கு போற்றிய அவையில், வடமொழியில் நூல் செய்தார் என்னும் இச்செய்தி கலைச்சொற்களின் பன்மொழித் தன்மையைச் சுருங்க விளக்குகின்றது.

எதிர்த்திசையிலும் சொற்கள் சென்றன. தஞ்சை நால்வருள் ஒருவரான சின்னையா 19ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் மைசூர் அவையை அடைந்தார். அவரைப் போன்ற நட்டுவனார் வழியே அடவு, சொற்கட்டு முதலிய ஆடற்சொற்கள் கன்னட நாட்டில் வேரூன்ற வாய்ப்பு ஏற்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877-1945) மைசூர் அவையில் அமர்ந்து, சாமுண்டேசுவரி மீது கன்னடத்தில் கீர்த்தனைகள் இயற்றினார். பெங்களூரில் 1905இல் தோன்றிய கயன சமாஜமும், 1939 முதல் இராமநவமி இசைவிழா நடத்திவரும் இராம சேவா மண்டலியும் தமிழ்நாட்டுக் கலைஞர்களைத் தொடர்ந்து வரவழைத்தன. 1964இல் அந்நகரில் தாளவாத்தியக் கல்லூரி நிறுவப்பட்டது. மேடைக் கலைஞரின் பேச்சு வழியே எடுப்பு, கோர்வை, நிரவல், தனி ஆகிய சொற்கள் கன்னட இசைவழக்கில் நிலைபெற்றன. நிரவல் கன்னடத்தில் 'நெரவல்' என ஒலிக்கப்படும். நிரப்புதல், பரவச் செய்தல் என்னும் பொருளுடைய 'நிரவு' என்னும் தமிழ் வினை கன்னட மாணவருக்கு அதில் புலப்படுவதில்லை.

விரல் நுட்பச் சொற்கள்

சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் வெளிவந்தது. அதில் கமகங்களைக் குறிக்கக் கம்பிதம், ஸ்புரிதம் முதலிய வடசொற்களோடு நொக்கு, ஒதுக்கல் முதலிய தமிழ்ப் பெயர்களும் ஆளப்பட்டுள்ளன. வீணையில் ஒரு மெட்டின் மேல் தந்தியை ஒதுக்கி இழுத்து அடுத்த சுரத்தை எழுப்புவதே ஒதுக்கல். நூலின் மொழி தெலுங்காயினும், கைவினையின் பெயர் வாசிப்போரின் தமிழாகவே நின்றது. அந்நூலில் காணப்படும் 'ஏற்ற ஜாரு', 'இறக்க ஜாரு' என்பன மேலும் சிறந்த சான்றுகள். ஏற்றமும் இறக்கமும் தமிழ். ஜாரு என்பது வழுக்குதல் என்னும் பொருளில் கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்குவது. தமிழும் கன்னடமும் அறிந்த பெங்களூரு மாணவருக்கு இத்தொடர் முழுவதும் பொருள் விளங்கும். ஒரு மொழி மட்டும் அறிந்தவருக்குப் பாதியே விளங்கும்.

மொழிபெயர்ப்பாளரின் சிக்கல்

பல்லவி, அனுபல்லவி, சரணம் ஆகியவற்றை எடுப்பு, தொடுப்பு, முடிப்பு எனத் தமிழிசை ஆசிரியர் வழங்குவர். தாளவியலிலோ எடுப்பு என்பது பாடல் தாளத்தில் தொடங்கும் இடத்தைக் குறிக்கும். சமம், அதீதம், அநாகதம் என அது வகைப்படும். வர்ணத்தின் பிற்பகுதியில் சரணத்தோடு இணைந்து வரும் சுரப்பகுதிகள் 'எத்துகட சுவரங்கள்' எனப்படும். இதன் அடியாகிய 'எத்து' தெலுங்கிலும் கன்னடத்திலும் எடுத்தல், தூக்குதல் என்னும் பொருளது. எடுத்தல் என்னும் ஒரே கருத்து இங்ஙனம் மூன்று வேறு கலைச்சொற்களுக்கு அடிப்படையாகியுள்ளது.

கன்னட இசைப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்குவோர் பல்லவியை எடுப்பு என மாற்றி, மூலத்தில் தமிழ்ச் சொல்லாகவே உள்ள எடுப்பையும் அவ்வாறே விட்டால், 'எடுப்பின் எடுப்பு' என்னும் மயக்கம் நேரும். எத்துகடையையும் தமிழாக்க முற்படின் மயக்கம் மும்மடங்காகும். தூய்மை நோக்கிச் செய்யும் மாற்றம் இங்கே தெளிவைக் குறைக்கின்றது. மாணவர் வகுப்பில் கேட்கும் சொல் ஒன்றாகவும் நூலில் காணும் சொல் வேறாகவும் அமைந்தால், கற்றலும் தேர்வும் ஒருங்கே இடர்ப்படும். தமிழிசைச் சொற்களை ஆள விரும்புவோர் பல்லவியை எடுப்பு எனலாம். அந்நூல் முழுதும் தாளத்தின் எடுப்பைத் 'தாள எடுப்பு' என அடைகொடுத்து வேறுபடுத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

இசைக் கலைச்சொல் அகராதியில் வழக்குச் சொல்லே தலைச்சொல்லாக நிற்பது பொருத்தம். அதனை அடுத்து அதன் வேர்மொழி, வேர்வினை, அச்சொல் ஆளப்படும் துறை ஆகிய மூன்றும் தரப்படல் வேண்டும். 'தாட்டு: கன்னடம், தெலுங்கு தாடு, தாண்டுதல், சுரப்பயிற்சி' என்னும் ஒரு வரி, புதிதாகப் படைக்கப்படும் சொல்லைவிட மாணவருக்கு மிகுதியாக உதவும். கன்னட நூல்களில் கோர்வைக்கும் நிரவலுக்கும் இத்தகைய குறிப்பு வேண்டும். தமிழ் நூல்களில் ஜண்டைக்கும் ஜாருவுக்கும் வேண்டும். பொருள் மறைந்த சொல்லை நீக்குவதினும் அதன் பொருளை மீட்டுத் தருதலே இச்சொற்றொகுதிக்கு ஏற்ற நெறி எனலாம்.