அண்ணாச்சி கடைப் பையன்கள் ஏன் வேலையை விட்டுப் போகவில்லை?

தமிழ்நாட்டில் அண்ணாச்சி கடையைத் தெரியாதவர் இருக்க முடியாது. சென்னையில் தெருவுக்குத் தெரு பலசரக்குக் கடை வைத்தவர்களில் கணிசமானோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த வணிகர்கள். கீழப்பாவூர், பாவூர்சத்திரம் பக்கமும் அந்தச் சீமையைச் சேர்ந்ததுதான் (தென்காசி தனி மாவட்டமானது 2019-ல்). குளத்துப் பாசனத்தையும் பீடி சுற்றுவதையும் விட்டால் பிழைப்பு குறைவு என்பதால், கடை வேலைக்கு ரயில் ஏறுவது அங்கே பல தலைமுறைப் பழக்கம்.

ஆள் எடுக்க விளம்பரம் கிடையாது. சொந்தக்காரரோ ஊர்க்காரரோ பையனைக் கூட்டி வந்து விடுவார். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. முதலில் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிறகு பொட்டலம் மடிப்பது. பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, பருப்பைப் போட்டு, நூலைச் சுற்றி ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். பார்க்க எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும்! அடுத்து தராசு, அதற்கடுத்து கடன் நோட்டு. அப்புறம் கொத்தவால்சாவடியில் கொள்முதல் (அந்தச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறியது). கல்லாப்பெட்டி கடைசியில்தான்.

கல்லா வரை போனவன் தனிக்கடை வைக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. முதலாளியிடமே விட்டு வைத்த சம்பளமும் உறவின்முறை உதவியும் முதலாகும். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது இந்த வணிகர்களுக்குப் பெரிய பலம். 1962-ல் அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. ஆக, பையன் தங்கியது சம்பளத்தைவிடத் தொழிலுக்காக எனலாம். இதைப் பொற்காலம் என்றும் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் வந்தவர்கள் எத்தனையோ பேர். பொட்டலம் மடித்தே நரைத்தவர்களும் உண்டு.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி கண்டார்கள். கடைப் பெண்களுக்காக 1905-ல் பாஸ்டன் நகரில் லூசிண்டா பிரின்ஸ் என்பவர் விற்பனைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். துணி வகைகள், கணக்கு, வாடிக்கையாளரிடம் பேசும் முறை எல்லாம் அங்கே பாடம்.

இங்கே தி.நகரில் மாடிமேல் மாடியாக ஜவுளிக் கடைகள் வளர்ந்தபோதும் ஆட்கள் அதே ஊர்களிலிருந்துதான் வந்தார்கள். சாப்பாடு, தங்குமிடமும் பழையபடியே. கற்றுக்கொள்வதுதான் சுருங்கிவிட்டது. சேலைப் பிரிவில் நிற்பவருக்குச் சேலை மட்டும் தெரியும். பில் போடுவது ஒருவர், பணம் வாங்குவது இன்னொருவர், கொள்முதல் எங்கோ மேலே... பத்து வருடம் நின்றாலும் கடை நடத்தத் தெரியாது. அப்புறம் ஏன் நிற்க வேண்டும்? ஊர்க் கொடைக்கு லீவில் போகிறவர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனால், திரும்பி வருவது சந்தேகம்தான்.

இந்த வாழ்க்கையை வசந்தபாலன் 2010-ல் 'அங்காடித் தெரு' படமாக எடுத்தார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018-ல் கேரளாவும் 2021-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. தமிழ்நாட்டில் திருத்தப்பட்டது 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நாள் முழுக்க நின்றே கால் வீங்கியவர்களுக்கு அந்த ஸ்டூல் சின்ன விஷயமில்லை. தொழில் கற்றுத் தருவது பற்றி அந்தத் திருத்தத்தில் எதுவும் கிடையாது.