பத்துப் பவுன் கட்டணமும் ஒரு தேதியும்: ஆராய்ச்சிப் படிப்பும் மும்பைத் தமிழரும்

இந்த மலருக்கு ஆராய்ச்சிப் படிப்பின் கட்டணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, இதில் எழுத என்ன இருக்கிறது, பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். தாராவியில் ஒரு வீட்டு விசேஷத்தில் காதில் விழுந்த பேச்சு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், எம்.ஏ. முடித்த தம் அண்ணன் மகளிடம் கேட்டார்: "ஏம்மா, டாக்டருக்குப் படிக்கப் போறியாம்லா, ஊசி போடுவியோ?"

"இல்ல சித்தப்பா, இது வேற டாக்டர். ஆராய்ச்சி."

"அதுக்கும் பணம் கட்டணுமோ?"

"பணம் கூடப் பரவால்ல சித்தப்பா. 1950-க்கு முந்தின காகிதம் கேக்காங்க. அதுக்கு எங்க போவேன்?"

பெரியவருக்குப் புரியவில்லை. படிப்புக்கும் 1950-க்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சம்பந்தத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லண்டன் ரசீது

மும்பையிலிருந்து ஆராய்ச்சிப் பட்டத்துக்காகக் கடல் கடந்தவர்களில் நாம் முதலில் நினைக்க வேண்டியவர் டாக்டர் அம்பேத்கர். 1913-ல் அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்ததும் பத்து ஆண்டு பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

1916-ல் அவர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவர் கட்டிய கட்டணம் 10 பவுன் 10 ஷில்லிங். அவருடைய ஒரு மாத உதவித்தொகையைவிடக் குறைவு! ஆகவே அவரை நிறுத்தியது கட்டணம் அல்ல. 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது; படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மும்பைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதி மட்டும் கையில் இருந்தது.

பிறகு சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் ஷாகு மகாராஜ் 1,500 ரூபாய் தந்தார். நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920-ல் மறுபடி லண்டன். அதற்குள் கட்டணம் ஒரு கினி ஏறி 11 பவுன் 11 ஷில்லிங் ஆகியிருந்தது. 1921-ல் எம்.எஸ்ஸி., 1923-ல் டி.எஸ்ஸி. பட்டம். கொலம்பியாவின் பிஎச்.டி. இன்னும் தாமதமானது. ஆய்வேட்டை அச்சிட்டுப் பிரதிகளை ஒப்படைத்தால்தான் பட்டம் என்பது அங்குள்ள அன்றைய விதி. நூல் 1925-ல் அச்சாகி, பட்டம் 1927-ல் கிடைத்தது. அச்சுக்கூலியும் ஒரு மறைமுகக் கட்டணம்தானே?

இந்தக் கணக்கை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆராய்ச்சிப் படிப்பின் விலை ரசீதில் எழுதியிருக்கும் தொகை மட்டும் அல்ல. சாப்பாடு, அறை, சம்பாதிக்காமல் கழியும் ஆண்டுகள், உதவி தருபவர் போடும் நிபந்தனை எல்லாம் சேர்ந்ததே அதன் விலை. இதை அனுபவித்து அறிந்தவர் என்பதால்தான் 1927 மார்ச்சில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றிப் பேசும்போது, கலைக்கல்லூரிச் செலவில் 36 விழுக்காடு மாணவரின் கட்டணத்திலிருந்தே வருகிறது என்று எடுத்துக்காட்டி, கொடுத்ததற்கு ஈடு கேட்கும் வியாபாரமாகக் கல்வித்துறையை நடத்தக் கூடாது என்று வாதாடினார். உறுப்பினரான சில வாரங்களிலேயே அவர் கையில் எடுத்த விஷயம் இது.

மாதுங்காவின் கதை

இனி நம் மாதுங்காவுக்கு வருவோம். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித்தொழில்நுட்பத் துறை, அதாவது பழைய ஆட்கள் இன்றும் 'யு.டி.சி.டி.' என்று சொல்கிற நிறுவனம், 1933-ல் தொடங்கி 1943-ல் மாதுங்காவுக்கு இடம் மாறியது. 1938-ல் அதற்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் கே. வெங்கடராமன், சென்னைக்காரர். மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னை அரசின் உதவித்தொகையில் மான்செஸ்டர் சென்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். சாயங்களின் வேதியியலில் உலகப் புகழ் பெற்றவர். 1957-ல் புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநராகப் போகும்வரை மாதுங்காவில் ஆராய்ச்சி மாணவர்களை உருவாக்கிக்கொண்டே இருந்தார்.

ஆலைகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்த ஊரில் இத்தகைய துறைக்குத் தொழிலதிபர்களின் நன்கொடை வந்தது. ஆய்வு மாணவருக்கு உதவித்தொகையும் வந்தது. பின்னாளில் இதே துறையில் 1969-ல் பிஎச்.டி. பெற்ற ஆர்.ஏ. மஷேல்கர், தகப்பனை இழந்த ஏழைச் சிறுவனாக மும்பையில் வளர்ந்தவர். டாட்டா அறக்கட்டளை தந்த மாதம் 60 ரூபாய்தான் தன்னைப் படிக்க வைத்தது என்று பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஜே.என். டாட்டா 1892-ல் நிறுவிய கல்வி நிதி, வெளிநாட்டு உயர்படிப்புக்குக் கடனாகவே பணம் தந்தது. ஒருவர் திருப்பிக் கட்டுவது அடுத்தவருக்குப் போகும். மும்பையில் பத்திரிகையாளராக இருந்து 1945-ல் அந்த உதவியோடு லண்டன் சென்றவர், பிறகு குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன்.

அன்று பிரிட்டனில் கட்டணம் தாங்கக்கூடியதாக இருந்தது. 1980-களின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டு மாணவரிடம் முழுச் செலவையும் வசூலிப்பது என்று அந்நாட்டு அரசு முடிவு செய்த பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட மாணவருக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆக, ஆராய்ச்சி மாணவரைச் சம்பளம் வாங்கும் ஊழியராகப் பார்ப்பதா, பணம் கட்டும் வாடிக்கையாளராகப் பார்ப்பதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது.

நம் நாட்டில் இரண்டும் கலந்தது. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்பவருக்கு மாதம் 8,000 ரூபாய் கிடைத்துவந்தது. அதையும் நிறுத்துவோம் என்று 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு சொன்னபோது டெல்லியில் மாணவர்கள் அதன் அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். 2022 ஆகஸ்டில் நம் பவாய் ஐ.ஐ.டி.யிலும் கட்டண உயர்வை எதிர்த்துப் போராட்டம் நடந்தது.

1950 ஆகஸ்ட் 10

இப்போது அந்தப் பெண் சொன்ன காகிதத்துக்கு வருவோம்.

பட்டியல் சாதி மாணவருக்கான உயர்கல்வி உதவித்தொகை 1944-ல், அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் தொடங்கியது. இன்றும் நடக்கிறது. கட்டாயக் கட்டணங்களை ஈடு செய்யும் திட்டம் இது. ஆனால் அதை வழங்க வேண்டியது மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம். இங்கேதான் புலம்பெயர்ந்தவருக்குச் சிக்கல் ஆரம்பம்.

அரசியல் சட்டத்தின் 341-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதிகள் மாநிலவாரியாக அறிவிக்கப்படுகின்றன. முதல் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்ட் 10. மகாராஷ்டிரத்தில் சாதிச் சான்று வேண்டுமானால் இரண்டு பூட்டுகளைத் திறக்க வேண்டும். ஒன்று, உங்கள் சாதியின் பெயர் மகாராஷ்டிரப் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டு, அந்தத் தேதிக்கு முன்பே உங்கள் முன்னோர் இம்மாநிலத்தில் குடியிருந்தார்கள் என்று ஆவணம் காட்ட வேண்டும். பழங்குடியினருக்கு இந்தத் தேதி 1950 செப்டம்பர் 6.

இது நீதிமன்றமும் ஏறிய விஷயம். ஆந்திரத்தில் பழங்குடி எனச் சான்று பெற்ற ஒருவர், மத்திய அரசு நிறுவன வேலையில் மும்பைக்கு வந்தார். இங்கேயே வளர்ந்த அவர் மகனுக்கு மருத்துவக் கல்லூரி இடஒதுக்கீடு மறுக்கப்பட்டது. பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி முதல்வரை எதிர்மனுதாரராக்கி மர்ரி சந்திர சேகர ராவ் தொடுத்த அந்த வழக்கில், ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சமூகம் படும் இன்னல் வேறு வேறு என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். ஊர் மாறுவோரின் கஷ்டத்தைப் பாராளுமன்றம் கவனித்துச் சட்டம் செய்யலாம் என்றும் அது குறிப்பிட்டது. 1994-ல் மகாராஷ்டிரச் சாதிச் சான்று நடவடிக்கைக் குழு வழக்கிலும், 2018-ல் டெல்லி குடிநீர் வாரிய வழக்கிலும் மாநிலங்களைப் பொறுத்தவரை இதே நிலை உறுதியாயிற்று.

நியாயமாகப் பேச வேண்டும். உள்ளூர்த் தலித் மக்களுக்கு ஒதுக்கிய இடத்தை வெளியூரார் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற கவலை பொய்யானது அல்ல. அவர்கள் போராடிப் பெற்றது அது. ஆனால் தாராவித் தோல் பட்டறைகளுக்கு நெல்லைச் சீமையிலிருந்து ஆதிதிராவிட மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வரத் தொடங்கியவர்கள். மூன்று, நான்கு தலைமுறையாக இங்கேயே பிறந்து, இங்கேயே படித்த பிள்ளைக்கு மகாராஷ்டிரம் "நீ தமிழ்நாடு" என்கிறது. தமிழ்நாட்டுக்குப் போனால் "இங்கே குடியிருக்கிறாயா?" என்று கேட்கிறார்கள். தோல் பட்டறையில் அந்தச் சாதி என்பதால்தான் வேலை கிடைத்தது; சான்றிதழ் என்று வரும்போது மட்டும் அந்தச் சாதி இல்லாமல் போய்விடுகிறது.

ஒரு வழி இருக்கிறது. தகப்பனாருக்குச் சொந்த மாநிலம் தந்த சான்றின் அடிப்படையில், பிள்ளை வசிக்கும் மாநில அதிகாரி சான்று வழங்கலாம் என்று 1982-ல் மத்திய அரசு ஆணையிட்டது. மகாராஷ்டிர அரசின் சலுகைக்கு அது உதவாது. மத்திய அரசு நிறுவனங்களுக்கும், 2005-06-ல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கி இப்போது தேசிய உதவித்தொகை என வழங்கும் பட்டியல் சாதி ஆய்வாளர் திட்டத்துக்கும் அது உதவும். நம் பிள்ளைகள் பலருக்கு இந்தச் செய்தியே தெரியாது.

தேவ்னாரில் நடந்தது

செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகம் 1936-ல் நாக்பாடாவில் தொடங்கி, 1954-ல் இங்கே வந்தது. மத்திய நிதியில் நடப்பதால் மேலே சொன்ன பிள்ளைகளுக்கு அது ஒரு முக்கியமான வாசல். 2018 பிப்ரவரி 21 அன்று அதன் மாணவர்கள் மும்பையிலும் மற்ற வளாகங்களிலும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவரிடம் முன்பணமாகக் கட்டணம் வாங்காத பழைய வழக்கம் கைவிடப்பட்டதே காரணம். மாநிலங்களிலிருந்து பணம் வந்து சேரவில்லை என்றது நிர்வாகம். கையில் பணம் இருந்தால் உதவித்தொகை எதற்கு என்றார்கள் மாணவர்கள். முதுகலையிலேயே வாசல் அடைபட்டால் ஆராய்ச்சிக்கு யார் போய்ச் சேருவது?

நாம் செய்யக்கூடியது

சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. ஆனால் சங்கங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

முதலாவது, காகிதம். பம்பாயில் உணவுப் பங்கீடு 1943-லேயே வந்துவிட்டது. அக்கால ரேஷன் கார்டு, தாராவித் தமிழ்ப் பள்ளியின் பதிவேடு, மாநகராட்சி வேலைச் சான்று, பட்டறை வாடகை ரசீது, பிறப்பு இறப்புப் பதிவு இவற்றில் ஏதாவது ஒன்று எந்த வீட்டுப் பரணிலாவது இருக்கலாம். தாராவியை இடித்துக் கட்டும் பேச்சு வேலையாக மாறிவிட்ட இந்நாளில், குடும்பங்கள் சிதறும்போது முதலில் தொலைவது பழைய டிரங்குப் பெட்டிதான். அங்கே இலவச வீட்டுக்கு 2000 ஜனவரி 1 என்று இன்னொரு தேதி வேறு! அந்தக் காகிதங்களைத் தேடிப் படியெடுத்து வைக்க ஒரு குழு போதும்.

இரண்டாவது, பணம். டாட்டா நிதியைப் போல, திரும்பி வரும் கடன் நிதி ஒன்று. உதவித்தொகை அறிவிக்கப்பட்டும் கைக்கு வந்து சேராத மாதங்களைத் தாண்டிவிடும் அளவுக்கு இருந்தால் போதுமானது. பதேனா கொடுத்த 5,000 ரூபாயும் கடன்தான்.

மூன்றாவது, சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். எந்தச் சான்று எங்கே செல்லும் என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து விளக்க, ஓய்வுபெற்ற அதிகாரிகள் நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

விசேஷ வீட்டுப் பெரியவர் அன்று புறப்படும்போது அண்ணன் மகளிடம் சொன்னது இது: "எங்கய்யா பட்டறையில வேல பாத்த சீட்டு ஒண்ணு ஆச்சி பெட்டியில கெடந்துச்சு. நாளைக்குப் போய்த் தேடிப் பாக்கேன்."

நாமும் நம் வீடுகளில் தேடிப் பார்ப்போம்.