நெராய்தாவும் நம் நீரும்

கிரேக்க நாட்டுப்புறக் கதைகளில் வரும் தேவதைப் பெண்ணுக்கு 'நெராய்தா' என்று பெயர். ஊற்றோரங்களில் நடனமாடுவாள், தன் முக்காட்டைக் கவர்ந்து ஒளித்தவனுக்கு மனைவியாவாள், அது திரும்பக் கிடைத்த அன்றே மறைந்துபோவாள் என்பர். அந்நாட்டில் இன்று தண்ணீருக்கு வழங்கும் சொல் 'நெரோ'. இவ்விரண்டையும் கேட்டதும் நமக்கு 'நீர்' நினைவுக்கு வருவது இயல்பே. தமிழன்பர் சிலர் இதனை மொழியுறவுக்குச் சான்றாகவும் காட்டுவர். ஆயின் சொல்வரலாறு கூறுவது வேறு.

நெராய்தாவின் முன்னோர் கடல்மகளிர். கி.மு. 700 அளவில் வாழ்ந்த ஹெசியோட் என்னும் புலவர், கடல் முதியவராகிய நேரேயுஸுக்கும் தோரிஸுக்கும் 50 புதல்வியர் என்று பாடினார். தந்தை பெயரால் அவர்கள் 'நேரேயித்' மகளிர் எனப்பட்டனர். இலியட் காவிய வீரன் அக்கிலீஸின் தாய் தெத்திஸ் அவர்களுள் ஒருத்தி. கிறித்தவம் பரவியபின் பழந்தெய்வங்கள் கோயிலிழந்தன. இம்மகளிரோ மக்கள் கதைகளில் ஊர்க் கிணற்றுக்கும் மலைச்சுனைக்கும் குடிபெயர்ந்து நிலைத்தனர்.

'நெரோ' பிறந்த வழி வேறு. பண்டைக் கிரேக்கத்தில் நீருக்குப் பெயர் 'ஹுதோர்'. புதிதாக மொண்ட நீரை 'நெஅரொன் ஹுதோர்', அதாவது புதுநீர், என்றனர். 'நெஅரொன்' என்பது 'நேரொன்' என மருவிற்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஃபிரினிகஸ் என்னும் இலக்கண ஆசிரியர் அவ்வழக்கைக் கடிந்துரைத்தார். அது அன்றே மக்கள் நாவில் இருந்தமை இதனால் விளங்கும். நாளடைவில் பெயர்ச்சொல் உதிர, அடைமொழியே நீரைக் குறிக்கலாயிற்று. நாமும் தண்மையான நீரைத் 'தண்ணீர்' என்றோம். பின்னர் அதன் பொருள் மறந்து, 'சுடுதண்ணீர்' என்று கூசாமல் கேட்கிறோம் அன்றோ!

ஆகவே நெரோவின் வேர்ப்பொருள் புதுமையே; நம் நீரோடு அதற்குப் பிறப்புறவு இல்லை. நேரேயுஸ் என்னும் பெயரோ அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. எனவே அதிலிருந்து தோன்றியிருக்கவும் இயலாது. ஒலி ஒத்திருந்தமையால் மக்கள் மனத்தில் இரண்டும் நெருங்கின.

இதனை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. வேற்று மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள், தமிழைப் பற்றி அறிவதெல்லாம் பெரும்பாலும் நம் வாய்மொழியால்தான். நாம் கூறியவற்றுள் ஒன்று பொய்யென்று கண்டால், மெய்யானவற்றையும் அவர்கள் ஐயுறுவர். கிரேக்கர் இஞ்சிக்கு வழங்கிய 'ஜிங்கிபெரிஸ்' என்னும் சொல்லில், பாலி முதலிய மொழிகளின் வழியே சென்ற திராவிட 'இஞ்சி' இருப்பதை அறிஞர் பலர் ஏற்கின்றனர். வணிகம் சுமந்து சென்ற அச்சொல்லைக் காட்டுவோம்; நெராய்தாவைக் கிரேக்கரிடமே விட்டுவிடுவோம்.