கீரையும் விலக்கோ?

“பப்பாளியைத் தொடாதே, முட்டை சூடு, கீரை குளிர்ச்சி, பிள்ளை பெருத்தால் பேறு கடினம், அரை வயிறே உண்!” கருவுற்ற பெண்ணுக்கு இப்படி விலக்கின்மேல் விலக்காக அடுக்கிய வீடுகளை நாம் அறிவோம். அந்த வீடுகளில் குங்குமப்பூவுக்கு மட்டும் விலக்கில்லை! தாய் சோகையால் வெளுத்தாலும் கவலையில்லை. சேய் சிவப்பாகப் பிறக்க வேண்டுமாம்.

அந்தச் சோகைக்கு ஒரு வரலாறு உண்டு, தோழர்களே!

1928ஆம் ஆண்டு. பம்பாய்த் துணி ஆலைகளில் உழைத்த பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் குருதி குன்றி மாண்டனர். தலைவிதி என்று சொல்லிக் கைகழுவ ஆளுக்கா பஞ்சம்? ஆனால், ஆய்வுக்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், அவர்கள் என்ன உண்டார்கள் என்று கேட்டார். உணவு வறியதாக இருந்த இடத்திலேயே நோய் மிகுந்திருந்ததைக் கண்டார். குன்னூரிலும் அவர் ஆய்வு தொடர்ந்தது. எலி, குரங்கு என்று சோதித்து, ஈஸ்டிலிருந்து எடுக்கும் ‘மார்மைட்’ என்ற மலிவான சாற்றை நோயுற்ற பெண்களுக்குக் கொடுத்தார். குருதி ஊறிற்று! 1931இல் முடிவை வெளியிட்டார். அதே ஆண்டு சென்னையில் அவர் பணிபுரிந்த இடத்தின் பெயர், ‘சாதி, கோஷா’ மருத்துவமனை! பிள்ளைப்பேற்றின் வாயிலிலும் சாதி காவல் நின்ற காலம் அது.

ஈஸ்டில் மறைந்திருந்த அந்தப் பொருள் எது? 1941இல் அமெரிக்காவின் டெக்சாசில், நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து அதைப் பிரித்தெடுத்தனர். ‘இலை’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். குளிர்ச்சி என்று தட்டிலிருந்து தள்ளிய கீரையில் இருந்தது குருதி!

விலக்க வேண்டியவையே இல்லையா? உண்டு. மது வேண்டாம். காய்ச்சாத பால் வேண்டாம். பப்பாளியைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வொன்றில், கனிந்த பழம் கருவுற்ற எலிகளுக்குத் தீங்கு செய்யவில்லை. காயின் பாலோ எலியின் கருப்பையைச் சுருங்கச் செய்தது. பாட்டி சொன்னதில் பாதி சரி. அதை ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கமில்லை.

1991இல் இன்னொரு முடிவு வந்தது. கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், குழந்தையின் தண்டுவடக் குறைபாடு பெரிதும் தவிர்க்கப்படுகிறது என்று மெய்ப்பிக்கப்பட்டது. தண்டுவடமும் மூளையுமாக வளரும் குழல் கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. நாமோ ஏழாம் மாதத்தில் வளைகாப்பிட்டு, அன்றுதான் அவளுக்கு ஐவகைச் சோறு படைக்கிறோம்.