ஹாங்காங் அடிப்படைச் சட்டமும் பொருள்கோடல் அதிகாரத்தின் வரம்பும்

1990இல் சீனத் தேசிய மக்கள் பேராயம் இயற்றிய ஹாங்காங் அடிப்படைச் சட்டத்தின் 158ஆம் உறுப்பு, அச்சட்டத்திற்குப் பொருள் கூறும் அதிகாரத்தைப் பேராயத்தின் நிலைக்குழுவுக்கு அளிக்கிறது. தன்னாட்சிக்கு உட்பட்ட உறுப்புகளுக்கு ஹாங்காங் நீதிமன்றங்களே பொருள் கூறலாம். நடுவண் அரசின் பொறுப்புகளையோ, அதனுடனான உறவையோ சார்ந்த உறுப்புகளுக்கு, இறுதித் தீர்ப்புக்கு முன் நிலைக்குழுவை நாடவேண்டும்.

இவ்வரம்பு 1999இல் சோதனைக்குள்ளாயிற்று. ஹாங்காங் நிரந்தரவாசிகளுக்குச் சீனப் பெருநிலத்தில் பிறந்த பிள்ளைகள், பெருநில அரசின் ஒப்புதலின்றியே வதிவுரிமை பெறலாம் என இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் சனவரி 29 அன்று தீர்ப்பளித்தது. 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெறக்கூடும் எனக் கணித்த ஹாங்காங் அரசே பெய்ஜிங்கை அணுகியது. சூன் 26 அன்று நிலைக்குழு, ஒப்புதல் தேவையென மாற்றுப் பொருள் கூறிற்று. நீதிமன்றம் கோரும் நடைமுறையை மட்டுமே 158ஆம் உறுப்பு விரித்துரைக்கிறது. ஆயினும், நிலைக்குழுவின் அதிகாரம் பொதுவானது, நிபந்தனையற்றது என அந்நீதிமன்றமே டிசம்பரில் ஏற்றுக்கொண்டது.

இரு வரம்புகளே எஞ்சின. முந்தைய தீர்ப்புகள் பாதிக்கப்படா என்னும் விதியால், சனவரியில் வென்றோர் தம் உரிமையை இழக்கவில்லை. நிலைக்குழு பொருள் கூறாத உறுப்புகளைப் பொதுச்சட்ட நெறிப்படியே வாசிக்கலாம் என 2001 சூலையில் நீதிமன்றம் நிறுவிற்று. அதனால், ஹாங்காங்கில் பிறந்த சீனக் குடிமக்கள், பெற்றோர் நிரந்தரவாசிகள் அல்லராயினும், வதிவுரிமை பெற்றனர்.

1999இல் வரம்பைத் தளர்த்தும் முதற்படியை எடுத்தது நடுவண் அரசன்று. தன் நீதிமன்றத் தீர்ப்பின் விளைவை ஏற்க விரும்பாத வட்டார அரசே. தன்னாட்சியின் காப்பு சட்டவாசகத்தில் மட்டுமன்றி, மேலிடத்தை நாடாதிருக்கும் வட்டார அரசின் தன்னடக்கத்திலும் தங்கியுள்ளது.