கரிசலில் தொடங்கும் சிவப்பு: இராமநாதபுரம் முண்டு மிளகாயின் விளைமுறையும் வத்தல் தரமும்

2023 பிப்ரவரியில் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையொட்டி எழுந்த பேச்செல்லாம் உலர்களம், கிட்டங்கி, குளிர்பதனக் கிடங்கு என்று அறுவடைக்குப் பிந்தைய ஏற்பாடுகளைச் சுற்றியே நிற்கிறது. அவை வேண்டாம் என்பதல்ல. ஆனால் வத்தலின் நிறமும் ஆயுளும் களத்துக்கு வருமுன்பே வயலில் பெரும்பகுதி முடிவாகிவிடுகின்றன. விளைமுறை மாறியபோதெல்லாம் வத்தலின் குறைகளும் மாறி வந்திருப்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாயைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். 1530களில் முத்துக்குளித்துறையிலும் அவர்கள் கால் ஊன்றினர். நல்ல மிளகுக்கு மலைச்சாரல் வேண்டும். இந்தப் புதுக் காரமோ வானம் பார்த்த பூமியிலும் விளைந்தது. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, பரமக்குடி வட்டாரக் கரிசலில் அது நிலைத்ததற்கு மண்ணும் மழையும் காரணம். மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 827 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் விழுவது.

மரபான முறையில் புரட்டாசி, ஐப்பசியில் விதையை நேரடியாகத் தூவுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் செடி வளரும். தை முடிந்து பழம் சிவக்கும்போது மேல்மண் வறண்டிருக்கும். கரிசல் அடியில் பிடித்துவைத்த ஈரத்தில்தான் செடி நிற்கும். மாசி தொடங்கிச் சித்திரை வரை பல தடவையாகப் பழம் எடுப்பார்கள். இந்த வறட்சியைக் குறையாகப் பார்ப்பதே வழக்கம். வத்தலின் கணக்கில் அது ஆதாயம். பழத்தில் 70 விழுக்காடு நீர் இருந்தால், 10 விழுக்காடு ஈரத்துக்குக் காயவைக்கும்போது 100 கிலோ பழத்துக்குச் சுமார் 33 கிலோ வத்தல் தேறும். நீர் 80 விழுக்காடு என்றால் 22 கிலோதான். எடை இழப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், கூடுதலாகப் போக வேண்டிய அந்த நீர் களத்தில் கூடுதல் நாள்களைக் கேட்கும். முண்டுக்குத் தோல் தடிமன்; உருண்டை வடிவம் வேறு. உள்ளிருக்கும் ஈரம் சுலபத்தில் வெளியேறாது. நன்றாகக் காய்ந்த காயைக் குலுக்கினால் விதை கலகலக்கும். சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

வயலில் நேர்ந்தது பறித்த பின் தெரியும் என்ற உண்மையை ஸ்ட்ராபெர்ரியிலும் பார்க்கலாம். தழைச்சத்து மிகுந்தால் அந்தப் பழம் இளகிப்போகும். பூக்கும்போதே தொற்றிய சாம்பல் பூஞ்சணம் பறித்த பிறகு வெளியே தெரியும். கொடைக்கானல் ஸ்ட்ராபெர்ரியில் விளைமுறையின் பிழை ஓரிரு நாளில் அம்பலமாகிவிடும். வத்தலில் அது மூட்டைக்குள் மாதக்கணக்கில் மறைந்திருக்கும். நம்மவர்கள் பழியைக் கிட்டங்கியின் மேல் போடுவது இதனால்தான்.

மிளகாயில் பழ அழுகலை உண்டாக்கும் பூஞ்சணத்தை 1913இல் சைடோ என்ற ஜெர்மானியப் பூஞ்சையியலர் விவரித்தார். மாதிரி கோயம்புத்தூரிலிருந்து போனது. இந்தப் பூஞ்சணமும் காயில் உறங்கிக் கிடந்து, பழுக்கும்போது கிளம்புவது. தாக்கிய பழம் காயும்போது வெளிறி, வெள்ளை வத்தலாகத் தரம்பிரிப்பில் ஒதுங்கும். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கே 1, கே 2 ரகங்களைத் தந்தது. கே 1இலிருந்து மதுரையில் எம்.டி.யூ. 1 பிறந்தது. இவை விளைச்சலுக்குக் கைகொடுத்தன. ஆனால் ரகத்தோடு யூரியாவும் ஆழ்துளைக் கிணற்றுப் பாசனமும் வந்த இடங்களில் செடி தழைத்தது, இலைக்குள் காற்றோட்டம் குறைந்தது, பழம் நீர்கோத்தது. அழுகல் நோய்க்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. மருந்தடிப்பு கூடியதும் இதன் தொடர்ச்சிதான்.

களத்துக்கு வருவோம். பறித்த பழத்தை ஓரிரு நாள் நிழலில் குவித்து நிறம் ஒன்றுசேர விட்டு, பிறகு வெயிலில் பரப்புவார்கள். கடலோரத்தில் இரவுப் பனியும் ஈரக்காற்றும் காய்ந்ததை மறுபடி நனைக்கும். மாலையில் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் மூடாவிட்டால் பகல் வெயில் வீண். காம்பை விட்டுவைப்பதும் காரணத்தோடுதான்: காம்பு போன வாய் வழியே ஈரமும் பூச்சியும் புகும். எடை கூடவும் காய் நொறுங்காமலிருக்கவும் மூட்டை பிடிக்குமுன் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்துக்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது. ஒரு பருவத்து உழைப்பை அந்த ஒரு குடம் தண்ணீர் கெடுத்துவிடும்.

ஈரம் போகாத வத்தலில் நஞ்சும் சேரலாம். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டமாகச் செத்ததைத் தொடர்ந்து அஃப்ளாடாக்சின் நஞ்சு கண்டறியப்பட்டது. அதை உண்டாக்கும் பூஞ்சணம் மண்ணில் வாழ்வது. வெறுந்தரையில் காயும் பழத்துக்கு அது பக்கத்து வீடு. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்க்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு பி1 வகை 5 மைக்ரோகிராம், மொத்தம் 10. 2003இல் இந்திய மிளகாய்த் தூளில் சூடான் சாயம் பிடிபட்ட பின் ஏற்றுமதிச் சோதனை இறுகியது. மங்கிய வத்தலைச் சாயத்தால் மறைக்கும் வழி ஏற்றுமதியில் அடைபட்டது. நிறம் இனி வயலிலிருந்துதான் வர வேண்டும்.

எனவே சந்தைக்கு ஒரு வேண்டுகோள்: மானாவாரி வத்தலையும் இறவை வத்தலையும் ஒரே குவியலாகக் கலக்க வேண்டாம். முதல் பறிப்பு, கடைசிப் பறிப்பு என்று மூட்டையில் எழுதி, ஈரம் அளந்து, விலை சொல்லட்டும். புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கும். மானாவாரியாக விளைவித்து, பொறுமையாகக் காயவைத்தவருக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்காவிட்டால், அவரும் அடுத்த புரட்டாசியில் இறவைக்கு மாறிவிடுவார்.